சீட்டும் தையலும்

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாயிருந்தால் இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வார்கள். கோர்வை என்று அதற்குப் பெயர். துணியின் இணைப்புக்காக இத்தனை பாடுபடும் ஊரில், சைக்கிள் மிதிப்பவரின் உடுப்புத் தையல் எங்கே உரசுகிறது என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாங்களும் திறந்ததில்லை. இலக்கியம் பேசும் இடத்தில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் பொறுத்தருள்க.

நண்பர்கள் சிலர் சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிக்குச் சைக்கிளில் போனோம். ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணில் பட்டபோது அதை உட்கார்ந்து பார்க்கும் நிலையில் எங்களில் ஒருவரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சீட்டின்மேல் தடித்த பஞ்சுறை மாட்டியிருந்தவருக்கே வலி அதிகம்.

பிறகுதான் காரணம் விளங்கியது. உட்காரும்போது நம் எடையைத் தாங்கவேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். சீட் மிக மெத்தென்றிருந்தால் அவை அமிழ்ந்துவிடுகின்றன. நடுவில் பிதுங்கும் பஞ்சு மென்சதையையும் நரம்பையும் அழுத்துகிறது. மரத்துப்போவது அதனால்தான். சீட் உயரமாயிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடித் தோல் தேய்கிறது. தாழ்ந்திருந்தால் கால்கள் எடையில் பங்கேற்பதில்லை. முழுப் பாரமும் சீட்டில் இறங்குகிறது. பெடல் அடிமட்டத்தில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அளவு அவ்வளவுதான். சீட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கக் கூடாது.

மீதி வேலையை வியர்வை செய்கிறது. சிறு தூரத்துக்குப் பருத்தி போதும். நெடுந்தூரத்தில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அறுக்கும். ஏறுமுன் தொடையிடுக்கில் கொஞ்சம் வாசலின், வழியில் அவ்வப்போது சீட்டைவிட்டு எழுந்து மிதித்தல், இறங்கியதும் கழுவித் துடைத்து உலர்ந்த உடை. இவற்றை விட்டுவிட்டு, படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பைப் பூசுவோர் பலர். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நாள்பட்டால் தோல் மெலிந்துபோகும்.

எங்கள் வலி பொழுதுபோக்கின் வலி. இரண்டு நாளில் ஆறியது. எங்களை உறுத்துவது வேறு. தமிழக அரசின் இலவச மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கியது. 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்குமாக விரிந்தது. எத்தனையோ பெண்களைப் பள்ளியில் நிறுத்திவைத்த நல்ல திட்டம். அதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வண்டியைக் கொடுக்கும் மேடையில் சீட்டின் உயரத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சல்வாரின் தையல்களெல்லாம் வந்து சந்திக்கும் இடம் சரியாகச் சீட்டின்மேல் அமர்கிறது. மாதவிடாய் நாள்களில் நாப்கினின் ஓரம் வேறு. சுற்றுக் கிராமத்திலிருந்து காஞ்சிக்கு வரும் பதினாறு வயதுப் பெண் இதை வகுப்பாசிரியரிடம் சொல்லுவாளா? வீட்டில் சொன்னால் "அப்ப பஸ்ல போ" என்பார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லாததால்தானே சைக்கிள்.

வண்டி வழங்கும் நாளன்று பள்ளி வளாகத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரோடு நிற்கட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி உட்காரவைத்துச் சீட்டைச் சரிசெய்யட்டும். பெண் பிள்ளைகளிடம் மற்றதை ஓர் ஆசிரியை கூச்சமில்லாமல் பேசட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?