கடற்காட்சியும் காட்டுவோனும்

பாப்பிரெட்டிப்பட்டியிற் பிறந்தோன் ஒருவன் திமிங்கிலத்தைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். சேர்வராயன் மலைச்சாரலை அடுத்த எம்மூர்ப் புறத்தில் நீர்நிலை என்பன வாணியாறும் ஏரிகளுமே. கடலோ நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும் அவ்வாணியாற்று நீர் தென்பெண்ணையிற் கலந்து கடலூரை அடுத்து வங்கக்கடலைச் சேர்கின்றது. அன்றியும், கடல்விலங்குகளைக் கண்டு களிப்பதற்குக் கட்டணம் கொடுத்துப் படகேறுவோர் பெரும்பாலும் பரதவர் அல்லர், கடலறியாத எம்மனோரே. ஆதலின், அப்படகில் நமக்குக் காட்டுவோர் யாவர் என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. இயற்கைநூல் பயின்ற வழிகாட்டி ஒருவர் ஏறாத படகு, விலங்கு காட்டுதற்பொருட்டுக் கரையை விட்டு நீங்கலாகாது என்பதே ஈண்டு யான் கூற விரும்புவது.

பயிலாதார்க்குக் கடல் எங்கும் ஒரே நீர்ப்பரப்பு. பயின்றார்க்கோ அது படித்தறியத்தக்க ஏடு. நேராக மிக உயர்ந்து எழும் மூச்சுத்தாரை நீலத்திமிங்கிலத்தினது என்றும், முன்னோக்கி இடப்புறம் சாய்ந்தெழுவது பெருந்தலையுடைய எண்ணெய்த்திமிங்கிலத்தினது என்றும் அவர் தொலைவிலேயே பகுத்துணர்வர். எண்ணெய்த்திமிங்கிலம் வாலை உயர்த்தி மூழ்கக் கண்டால், அஃது ஆழத்திற்குச் செல்கின்றது என்றும், மீண்டும் மேலெழ முக்கால் மணி நேரமும் ஆகலாம் என்றும் அறிந்து, இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கச் செய்வர். திமிங்கிலம் மீனன்று, நம்மைப்போற் காற்றை உயிர்த்துக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. அது மூச்சு வாங்க மேலெழும் சிறு பொழுதிற் படகுகள் சூழ்ந்துகொள்ளின், அதன் உயிர்ப்பிற்கே இடையூறு விளையும். இதனை அறிந்து படகைத் தடுப்போர் ஒருவர் அங்கே வேண்டுமன்றோ?

பயின்ற கண்ணின் ஆற்றலுக்கு நம் அண்டை நாட்டிலேயே சான்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் டியூலிப் என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் வந்த அறிஞர்கள் திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். பின்னர் 2003-ஆம் ஆண்டில், இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வோஸ் அம்மையார், அந்நாட்டுக் கடலில் அவ்விலங்கின் செந்நிறக் கழிவு மிதத்தலைக் கண்டார். மற்றையோர் அழுக்கென்று முகஞ்சுளிக்கத்தக்க அதனை, இத்திமிங்கிலங்கள் வெப்பக் கடலிலேயே இரை தேடுகின்றன என்பதற்குச் சான்றாகக் கொண்டார். குளிர்கடலிற்றான் அவை இரையுண்ணும் என்பது அதுகாறும் நிலவிய கொள்கை. ஆண்டு முழுதும் இக்கடலை விட்டு நீங்காத திமிங்கிலங்கள் பெருங்கப்பல்கள் மோதி மடிவதை அவரும் பிறரும் எடுத்துரைத்தனர். அதன் பயனாக, 2022-ஆம் ஆண்டில் எம்.எஸ்.சி. என்னும் பெருங்கப்பல் நிறுவனம் தன் கலங்களின் வழியைத் தெற்கே விலக்கிக்கொண்டது.

அதே இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிசாவிலோ, ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் ஒருங்கே துரத்திச் சூழ்வதைக் கண்டோர் பலர் வருந்தி எழுதியுள்ளனர். அந்நாட்டு அரசு 2012-ஆம் ஆண்டில் இதற்கென விதிகள் வகுத்தது. விதி நன்றே. ஆயினும், அலைநடுவே இடைவெளியை அளந்து, கட்டணம் கொடுத்தோர் 'இன்னும் அருகே' என்று கூவும்பொழுது 'போதும்' என்று சொல்லும் ஒருவர் படகில் இல்லையேல், அவ்விதி ஏட்டளவே நிற்கும்.

இவ்வாறு செய்தல் இயலாததன்று. அமெரிக்க நாட்டுப் பிராவின்ஸ்டௌன் துறைமுகத்தில் 1975-ஆம் ஆண்டிலேயே திமிங்கிலம் காட்டும் படகில் கடலியல் அறிஞரை ஏற்றிச் சென்றனர். அப்படகுகளில் எடுத்த வாற்படங்களைக்கொண்டே ஒவ்வொரு கூனற்றிமிங்கிலத்தையும் தனித்தனியே அடையாளம் கண்டு, தலைமுறை தலைமுறையாக வரலாறு எழுதி வருகின்றனர். நியூசீலாந்துக் கைக்கௌராவில் 1987-ஆம் ஆண்டு மவோரிக் குடும்பத்தினர் தம் வீடுகளை அடகு வைத்து இத்தொழிலைத் தொடங்கினர். இன்று அவ்வூர் அதனாற் புகழ்பெற்றுள்ளது.

இனி, நம் கரைக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு சனவரியில், திருச்செந்தூரை அடுத்த கடற்கரையில் எண்பதிற்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பரதவரும் அதிகாரிகளும் இரக்கத்தோடு அவற்றை இழுத்துக் கடலிற் சேர்த்தனர். பல மீண்டும் கரைக்கே வந்து மடிந்தன. 1973-ஆம் ஆண்டிலும் அக்கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியிருந்தன. இவ்வினம் கூட்டம் பிரியாதது. துணை கரையிற் கிடக்க, விடுவிக்கப்பட்டது திரும்பி வருதலும் உண்டு. இரக்கம் நம்மிடம் குறையவில்லை. இரக்கத்திற்கு வழிகாட்டும் அறிவே கரைதோறும் பரவவேண்டுவது. படகில் நாள்தோறும் அவ்விலங்குகளை நோக்கிக் குறித்து வருவோர் ஊர்தோறும் இருப்பின், இடுக்கண் நேரும்பொழுது முதலில் உதவுவோர் அவரேயாவர்.

'கடலிற் பிறந்து வளர்ந்த பரதவர்க்குக் கற்றவர் என்ன சொல்லப்போகின்றார்?' என்று வினவுவர் சிலர். நீரோட்டமும் காற்றும் அவர் அறிந்த அளவு நூல்கள் அறியா, உண்மையே. ஆதலாலன்றோ அவ்வழிகாட்டியைப் பரதவர் மக்களுள்ளிருந்தே தெரிந்தெடுத்துப் பயிற்றுதல் வேண்டும் என்கின்றேன்! இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊரினரும் கூடி அலையாத்திக் காட்டினைப் படகிற் காட்டுகின்றனர். பாக்கு நீரிணையில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு 2022-ஆம் ஆண்டில் கடற்பசுக்களுக்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் அகப்பட்ட கடற்பசுவை உயிரோடு விடுத்த பரதவர் பாராட்டுப் பெற்றனர். இவர்களினும் தக்க வழிகாட்டியரை எங்கே தேடுவது? 'ஒருவர் ஊதியம் கூடினாற் கட்டணம் ஏறுமே' என்பாரும் உளர். குறிப்பறியாது அங்கும் இங்கும் துரத்தி எரிக்கும் எண்ணெயின் விலையையும் அவர் கணக்கிற் சேர்ப்பாராக.

இதிற் றமிழ் மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. வழிகாட்டியர்க்குரிய பாடமும் தேர்வும் தமிழில் அமையாவிடின், ஆங்கிலம் வல்ல சிலரே அப்பணியைப் பெறுவர். கரையூர் இளைஞர் படகு தள்ளும் கூலியராகவே நிற்பர். கடற்பசுவை ஆவுளியா என்றும், துள்ளியெழும் சிறு திமிங்கிலத்தை ஓங்கில் என்றும் பரதவர் வழங்குகின்றனர். நிகண்டுகளைப் புரட்டும் நாம், விடுமுறைக்காலத்து மணப்பாட்டிற்கும் மண்டபத்திற்கும் சென்று, இத்தகைய சொற்களை அவர் வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்தல் கூடாதோ? உயிர்நூல் மாணவர் விலங்கின் இயல்பை எழுத, தமிழ் மாணவர் அதற்குரிய சொல்லை அளிக்க, சிறியதொரு கைந்நூல் நம் கல்லூரியிலிருந்தே வெளிவரலாம். அந்நூலைக் கற்ற பரதவ இளைஞன் ஒருவன் படகின் முகப்பில் நின்று, எம்மூரார் போன்ற உள்நாட்டார்க்குக் கடலைத் தமிழில் விளக்கும் நாள் விரைவில் வருக!