சாளரத்துள் அடங்கிய இலண்டன்

ஐரோப்பியத் தலைநகரங்களைப் பற்றி மலேசியத் தமிழர் எழுதும் பயணக் கட்டுரைகளுள் பல, பேருந்தின் சாளரத்தருகே பிறந்தவை. காலையில் தேம்சு ஆறு, நண்பகலில் பக்கிங்காம் அரண்மனை, மறுநாள் பாரிசின் ஈபெல் கோபுரம். கோபுரத்தின் உயரம் கட்டுரையில் பிழையின்றி இருக்கும். அதனடியில் ரொட்டி விற்பவன் எந்நாட்டான் என்பது இராது. இவ்வெழுத்தைப் பயண இலக்கியமென வகுப்பறையில் மாணவர்முன் வைப்பது அவர்தம் கண்ணைக் கட்டுவதாகும்.

1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகளின் கதை தமிழாசிரியர் அறியாததன்று. ஆயினும் அதனை ஒரு நகரைக் கண்ட கதையாக எவரும் கற்பிப்பதில்லை. புலால் உண்ணேன் என்று தாய்க்கு வாக்களித்திருந்த அவ்விளைஞர், தங்கிய வீட்டு உணவு போதாமல் பசியோடு தெருத்தெருவாய் அலைந்தார். நாள்தோறும் 10, 12 மைல் நடந்ததாகச் 'சத்திய சோதனை'யில் குறிக்கின்றார். அவ்வலைச்சலில்தான் பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணிற் பட்டது. ஆங்கு ஒரு சில்லிங் கொடுத்து வாங்கிய ஹென்றி சால்ட்டின் நூல், தாய்க்குத் தந்த வாக்கை அவரது சொந்தக் கொள்கையாகவே மாற்றிவிட்டது. பேருந்தின் வழிகாட்டி எவரும் அத்தெருவில் வண்டியை நிறுத்தியிரார்.

"அவர் நடந்தது வேறு வழியின்மையால், இன்றைய பயணிக்கோ ஏழு நாள் விடுமுறைதான்" என்பர் சிலர். ஏழு நாளில் ஐந்து தலைநகரம் என்பது கணக்கு, பயணம் அன்று. ஏழு நாளும் ஒரு நகரில் நடப்பதை எவர் தடுத்தார்?

மிதிவண்டியின் செய்தியும் இதுவே. ஆம்ஸ்டர்டாமை "மிதிவண்டிகள் மலிந்த எழில் நகரம்" என்று எழுதி முடிப்பார் சாளரப் பயணி. 1971இல் நெதர்லாந்துச் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவிலிறங்கிப் போராடினர். இன்றுள்ள மிதிவண்டிப் பாதைகளில் அப்போராட்டத்தின் பங்கு பெரிது. ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்து அந்நகரத்தாரோடு ஓட்டிச் செல்பவர்க்கேனும் அவ்வரலாற்றைக் கேட்கத் தோன்றும்.

அயல்நாட்டில் இவ்வாறு பழகிய கண், சொந்த மண்ணிலும் அவ்வாறே பார்க்கிறது. கேமரன் மலைக்கு வருவோர் பிரிஞ்சாங்கில் இறங்கி, இரவுச் சந்தையில் பழம் வாங்கி, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவைப் படமெடுத்துத் திரும்புகின்றனர். பச்சைக் கம்பளம் என்று எழுதாத கட்டுரை அரிது. தேயிலை தானாகக் கம்பளமாய் வளர்வதில்லை; வெட்டாது விட்டால் மரமாகும். 1929இல் தொடங்கிய போ தோட்டத்திலும் பிற தோட்டங்களிலும் காடழித்து, நட்டு, கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் அதை நிறுத்தியவருள் தமிழர் பலர். எந்தச் சரிவை எவர் திருத்தினர், எந்த லயம் எங்கிருந்தது என்பதைக் கூறும் தமிழ்க் கட்டுரைகள் எத்தனை?

நடை வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் தோட்ட மக்களிடம் ஊறியிருப்பதில் வியப்பில்லை. கூடை சுமந்து ஏறி இறங்கியவரின் பிள்ளை உந்துவண்டியை விரும்புவது இயல்பே. கற்பிப்போர்க்கு அச்சலுகை இல்லை. காணாத இலண்டனைக் கண்டதாக எழுதச் சொல்லும் ஆசிரியர், ஒரு சனிக்கிழமை மாணவரைப் பிரிஞ்சாங்கிலிருந்து தோட்டம் வரை நடத்திச் செல்லட்டும். மிதிவண்டியில் போனால் ஏற்றத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தள்ளுவோர்க்கும் கண் உண்டு. வழியில் கேட்டறிய வேண்டிய முதியோருட் பலர் தோட்டத்தை விட்டுத் தானா ராத்தாவிலும் ஈப்போவிலும் பிள்ளைகளோடு குடியேறிவிட்டனர். அவர்களையும் தேடிச் செல்ல வேண்டும், அதுவும் விரைவில்.