சிலை வேண்டாம், நிழல் வைங்க

கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலிக்கு மே மாசம் மதியத்துல பைக்ல போயிருக்கீங்களா? போன வருஷம் நான் போனேன். கயத்தாறுக்கு முன்னாடி டயர் பஞ்சர். ரெண்டு பக்கமும் வெடிச்சுக் கிடக்கற கரிசல் காடு. ஒதுங்கி நிக்க ஒரு வேப்ப மரம்கூட இல்ல. முக்கால் மணி நேரம் வண்டியைத் தள்ளினேன்.

அந்த ரோடு தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகர்ல தொடங்கி கன்னியாகுமரியில முடியுது. 2019 பிப்ரவரி 14 அன்னைக்கு புல்வாமாவுல சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தாங்களே, அதுவும் இதே ரோட்டுலதான். அந்த 40 பேர்ல ஒருத்தர் சுப்பிரமணியன். சொந்த ஊர், நம்ம கயத்தாறு பக்கம் சவலாப்பேரி. அவர் உயிர்விட்ட ரோடும், அவர் ஊர்ப்பக்கம் போற ரோடும் ஒண்ணுதான். மூணு வருஷமா இந்த வழியா காலேஜுக்கு வந்து போற எனக்கு, மேப்பைப் பார்த்த அன்னைக்குத்தான் இது உறைச்சது. அவர் ஊர்க்காரங்க அவரை மறக்கல. தினமும் அந்தப் பக்கமா போற நமக்குத்தான் தெரியல.

ஆஸ்திரேலியாவுல சிட்னியில இருந்து கான்பெராவுக்குப் போற ரோட்டை 1954-லயே போர்வீரர்கள் நினைவா மரம் நட்டு ஆரம்பிச்சாங்க. அங்க இருக்கற ஓய்விடங்களுக்கு விக்டோரியா கிராஸ் வாங்கினவங்க பேரை வச்சிருக்காங்க. வண்டியை நிறுத்தறீங்க, நிழல்ல உக்கார்றீங்க, போர்டுல அவர் கதையைப் படிக்கறீங்க. அவ்வளவுதான் விஷயம்.

இது நமக்குப் புதுசா என்ன? போர்ல விழுந்தவனுக்கு நடுகல் நட்டவங்க நாம. கர்ப்பிணியா இறந்த பெண்ணோட நினைவா வழியோரம் சுமைதாங்கிக் கல் வச்சவங்களும் நாமதான். தலைச்சுமையோட வர்றவன் அதுல பாரத்தை இறக்கி வச்சு மூச்சு வாங்குவான். அதுவும் ஒரு நினைவுச் சின்னம்தானே? கயத்தாறுல 1799 அக்டோபர் 16-ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடத்துல, வழிப்போக்கர்கள் ஆளுக்கு ஒரு கல் போட்டுட்டுப் போவாங்கன்னு சொல்வாங்க. சிவாஜி கணேசன் முயற்சியில சிலை வந்தது அதுக்கெல்லாம் ரொம்பப் பிறகு.

சிலை வச்சா போதாதான்னு கேப்பீங்க. நம்ம பக்கத்துல சிலைக்கு என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும். முதல்ல மாலை, அப்புறம் சாதி, அப்புறம் கம்பிக் கூண்டு. தண்ணிக் குழாய்க்கும் வேப்ப மரத்துக்கும் யாரும் கூண்டு போட முடியாது. பேர்ப் பலகைக்கும் சண்டை வரலாம், மறுக்கல. ஆனா எல்லாரும் தண்ணி குடிக்கற இடத்தை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாடறது கஷ்டம்.

2023 ஜனவரியில பரம்வீர் சக்ரா வாங்கின 21 பேரோட பேரை அந்தமான் தீவுகளுக்கு வச்சாங்க. அதுல ஒண்ணு நம்ம மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பேர்ல இருக்கு. நல்ல விஷயம். ஆனா நம்மள்ல எத்தனை பேர் அந்தத் தீவுக்குப் போகப் போறோம்? சாலைப்புதூர் டோல்கேட்டை நாம வாரம் ஒரு தடவை தாண்டறோம்.

யார் பேரை வைக்கறது? பதக்கப் பட்டியல்ல இருந்து தொடங்கலாம், அதுல சிபாரிசு செல்லாது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி 2020-ல கல்வான்ல உயிர்விட்டார், வீர் சக்ரா கொடுத்தாங்க. அதோட, பணியில உயிர்விட்ட உள்ளூர்க்காரங்களையும் சேர்க்கணும், சுப்பிரமணியன் மாதிரி. ரெண்டு பட்டியலும் வேணும்.

எனக்கு இருக்கற ஒரே பயம் பராமரிப்பு. ஒரு வீரர் பேரைப் போட்டு, கீழ நாறுற கழிப்பறையை வச்சா, அது பேர் வைக்காம இருக்கறதை விடக் கேவலம். அதனால பெருசா எதுவும் கேக்கல. நாலு வேப்ப மரம், ஒரு சிமெண்ட் பெஞ்ச், குடிதண்ணி, தினமும் கழுவுற கழிப்பறை, தமிழ்ல அஞ்சு வரி. லாரி நிறுத்த இடம் வேணும். ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வர்ற டிரைவர் அண்ணன்களுக்குத்தான் இது முதல்ல தேவை.

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்கதானே? ஒரு வரைபடம், ஒரு செலவுக் கணக்கு போட்டுக் கொடுங்க. நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனு எழுதறது என் வேலை. கையெழுத்து போடறது உங்க வேலை.