இயற்கைத் தூசியும் தூசிதான்

"பூச்சிமருந்து அடிக்கிறவனுக்குத்தான் மூச்சுப் பிரச்சினை, நமக்கெல்லாம் வராது" என்று நம் கூட்டங்களில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மகரந்தம், பூசணம், தானியத் தூசி, மாட்டின் பொடுகு என்று ஆஸ்துமாவைத் தூண்டும் பல பொருட்கள் இயற்கையானவைதான். தானியம் சலிப்பவர்களுக்கு இளைப்பு வருவதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1713-லேயே எழுதியிருக்கிறார். அன்றைக்கு யூரியா ஏது?

காரைக்கால் பக்கம் தை, மாசியில் சம்பா அறுவடை. காலைப் பனியில் நனைந்த வைக்கோலை அவசரமாக ரோல் கட்டிக் கொட்டகையில் அடுக்கினால், உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். மூடாக்குப் போட அதைப் பிரிக்கும்போது புகை மாதிரி கிளம்புதே, அது பூசண வித்து. ஆஸ்துமா உள்ளவருக்கு அன்றிரவே வீசிங் வரலாம். ஆஸ்துமா இல்லாதவருக்கும் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் 'விவசாயி நுரையீரல்' என்கிற வேறொரு நோய் வரக்கூடும். காய்ச்சல், இருமல்னு சாதாரண சளி மாதிரியேதான் தொடங்கும்.

வெயில் ஏறி வைக்கோல் மொறுமொறுவென்று காய்ந்த பிறகே கட்டச் சொல்லுங்கள். மிஷின்காரர் அவசரப்படுத்தத்தான் செய்வார். பூசணம் பிடித்த ரோலைத் தண்ணீர் தெளித்து நனைத்துப் பிரியுங்கள். மூக்கில் துண்டு சுற்றினால் போதாது, வித்து அதிலும் நுழையும்; என்95 முகக்கவசம் போடுங்கள். கொட்டகையில் கொசுவுக்குப் போடும் வேப்பிலை மூட்டமும் புகைதான், பிள்ளைகள் படுக்கும் பக்கம் வேண்டாம்.

இன்னொன்று. இன்ஹேலரை 'இங்கிலீஷ் மருந்து' என்று ஒதுக்கிவிட்டு ஆடாதோடைக் கஷாயத்தை மட்டும் நம்பும் தோழர்கள் இருக்கிறார்கள். கஷாயம் குடிங்க, யார் வேண்டாம்னது? ஆனால் டாக்டரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீங்க. களத்துக்குப் போகும்போது அது சட்டைப் பையில் இருக்கட்டும்.