அக்காவோட பித்தப்பையும் ஒரு வரித் தமிழும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல மக்களே. காரணம், அக்காவோட பித்தப்பை. சிரிக்காதீங்க, சீரியஸ் பதிவு.

அக்கா (பெரியப்பா பொண்ணு) 118 கிலோ இருந்தாங்க. சுகர், மூட்டு வலி, ராத்திரியில மூச்சுத் திணறல். போன வருஷம் சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. அஞ்சு மாசத்துல 84 கிலோ! பொதட்டூர்பேட்டையில எங்க தெருவே வாயைப் பிளந்துச்சு.

அப்புறம் ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழ வலி. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாங்க. 'கேஸ்தான்'னு சோடா வாங்கிக் குடுத்த மகானுபாவன் அடியேன்தான். மூணாவது தடவை வலி வந்தப்புறம்தான் திருத்தணியில ஸ்கேன். பித்தப்பை நிறைய கல்லு. மறுபடி ஆபரேஷன், பித்தப்பையை எடுத்தாச்சு.

"முதல்லயே சேர்த்து எடுத்திருக்கலாமேடா?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா என் கட்சி வேற.

வேகமா இளைக்கும்போது ஈரல், பித்தநீர்ல கொலஸ்ட்ராலை அதிகமாக் கொட்டுது. சாப்பாடு குறைஞ்சதால பித்தப்பையும் சரியாச் சுருங்கிக் காலியாகறதில்ல. தேங்குனது கல்லாகுது. பட்டினி டயட் இருக்கறவங்களுக்கும் இதே கதைதான். ஏற்கனவே கல்லும் வலியும் இருந்தா சேர்த்து எடுக்கறது சரி. ஆனா கல்லு வர்ற எல்லாருக்கும் வலி வர்றதில்ல. அப்படியிருக்க, நல்லா இருக்கற பித்தப்பையை எதுக்கு வெட்டணும்? ஆபரேஷன் நேரமும் கூடும், பித்தக் குழாய்ல காயம் படுற ஆபத்தும் உண்டு.

அதுக்குத்தான் உர்சோடியாக்சிகோலிக் ஆசிட்னு ஒரு மாத்திரை. 1995-ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல, பைபாஸ் முறையில இரைப்பை ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஆறு மாசம், தினம் 600 மில்லிகிராம் குடுத்துப் பார்த்தாங்க. கல்லு வந்தது 2 சதவீதம் பேருக்கு. வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 32 சதவீதம். 2021-ல நெதர்லாந்து ஆய்வுல வித்தியாசம் இவ்வளவு பெருசா இல்ல. தொல்லை தர்ற கல்லு 9.7-லேர்ந்து 6.5 சதவீதமாக் குறைஞ்சுது. மந்திரம் இல்லதான், ஆனாலும் இன்னொரு ஆபரேஷனுக்கு மாத்திரை தேவலாம் இல்லையா?

இந்த மாத்திரையை ஏன் எழுதிக் குடுக்கலன்னு கோவமா அக்காவோட டிஸ்சார்ஜ் ஃபைலைத் தேடி எடுத்தேன். எழுதியிருந்தாங்க. ஆறு மாசம்னு, இங்கிலீஷ்ல. எதுக்குன்னு மட்டும் எங்கயும் இல்ல. அக்கா ஒரு மாசத்தோட நிறுத்திட்டாங்க. "அதான் இளைச்சிட்டேனே, இன்னும் எதுக்குடா?"ன்னாங்க. ஆமான்னு தலையாட்டினதும் நான்தான்.

2024 ஏப்ரல்ல பம்மல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில, எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தப்ப, நாம எல்லாரும் ஆபரேஷன் தியேட்டரைப் பத்தியே பேசினோம். வீட்டுக்கு வந்தப்புறம் ஓடுற ஆறு மாசத்தைப் பத்தி யாரும் பேசல.

நான் கேக்கறது ஒரே வரி, தமிழ்ல: 'இது பித்தப்பையில கல்லு வராம இருக்க. ஆறு மாசம் நிறுத்தாதீங்க.' லட்சக்கணக்குல பில் போடுறவங்களுக்கு இது பெரிய வேலையா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. உங்க டாக்டரைக் கேளுங்க. விலா வலியோட காய்ச்சலோ கண்ணுல மஞ்சளோ வந்தா சோடாக் கடைக்கு ஓடாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.