திர்ஹமும் ரூபாயும்: இடையில் பறிப்பது யார்?

வளைகுடா நாடுகளில் வேர்வை சிந்தும் நம் சகோதர சகோதரிகள் மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். திர்ஹமாகச் சம்பாதித்தது ரூபாயாக வந்து சேருகிறது. இந்த மாற்று எப்படி நடக்கிறது, இடையில் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை உழைப்பாளி மக்கள் அறிந்தாக வேண்டும்.

ஒரு காலத்தில் அங்கே மாற்று என்ற பேச்சே இல்லை. துபாயிலும் கத்தாரிலும் செலாவணியில் இருந்தது ரூபாய்தான். 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டு வெளியிட்டது. அதற்கும் நம் ரூபாய்க்கும் ஒரே மதிப்பு. 1966 ஜூன் 6-ல் இந்திய சர்க்கார், உலக வங்கியின் நெருக்குதலுக்குப் பணிந்து, ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்றிருந்தது 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. துபாயும் கத்தாரும் ரூபாயைக் கைவிட்டன. 1973-ல் திர்ஹம் வந்தது. இன்று ஒரு திர்ஹத்துக்கு 20 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

திர்ஹம் டாலரோடு பிணைக்கப்பட்ட நாணயம். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், அது அசைவதில்லை. டாலருக்கு முன் ரூபாய் சரிந்தால் திர்ஹத்துக்கு முன்னும் சரியும். "நல்லதுதானே, கூடுதல் ரூபாய் கிடைக்குமே!" என்பார்கள். கிடைக்கும். ஆனால் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் டாலர் கொடுத்து வாங்குகிறோம். டீசல் ஏறினால் அரிசியும் பருப்பும் ஏறும். வந்த ரூபாயைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். வளைகுடாவில் ஆள் இல்லாத கூலிக்காரர் வீட்டுக்கோ விலையேற்றம் மட்டுமே மிச்சம்!

இன்னொரு பறிப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. "கமிஷன் இல்லை" என்று பலகை தொங்கும். ஆனால் சந்தை விலை ஒன்று, கடை கொடுக்கும் விலை வேறு. திர்ஹத்துக்கு 25 பைசா குறைத்தால் 1000 திர்ஹத்தில் 250 ரூபாய் போயிற்று. ரசீதில் அதற்குக் கணக்கே இராது.

பணம் அனுப்பும் செலவு 2030-க்குள் 3 சதவிகிதத்துக்குள் வர வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. சபை முடிவு செய்தது. 2023-லும் உலக சராசரி 6 சதவிகிதத்துக்கு மேல்தான். அதே ஆண்டு ஜூலையில் இரு நாட்டு மத்திய வங்கிகளும் ரூபாயிலும் திர்ஹத்திலும் நேரடியாகக் கணக்குத் தீர்க்க உடன்பாடு செய்துகொண்டன. அதன் பலன் பெரும் வியாபாரிகளோடு நின்றுவிடக் கூடாது.

நாம் கோருவது இதுதான்: சந்தை விலையையும் கடை விலையையும் அருகருகே எழுதி வைக்கட்டும். பிடித்தம் முழுவதையும் ரசீதில் காட்டட்டும். அரசு வங்கிகள் தொழிலாளியின் பணத்தை லாபம் வைக்காமல் மாற்றிக் கொடுக்கட்டும்.

உழைத்தவர் பணம் குறையாமல் உழைத்தவர் வீடு சேர வேண்டும்!