நித்திய கல்யாணியின் இலை

நமது வீட்டு முற்றங்களிலும் நந்தவனங்களிலும் வருஷம் முழுவதும் பூத்து நிற்கும் நித்திய கல்யாணியை அறியாதார் இலர். மயானங்களில் தானே முளைப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் இதைச் சொல்லுவர். மடகாஸ்கர் தீவினின்றும் அலங்காரச் செடியாக வந்த இதன் இலையைக் குறித்து இருவகைப் பேச்சுகள் நம் காதில் விழுகின்றன. பச்சிலை என்றாலே நகைப்பவர் சிலர். சுதேசாபிமானம் மிகுந்த வேறு சிலரோ, புற்றுநோய்க்கு இதன் சாறே போதும், ஆஸ்பத்திரி எதற்கு என்கின்றனர். இரு திறத்தாரும் தவறுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். பின்னவர் தவறு உயிரைக் கொள்ளுவது.

ஜமைக்கா ஜனங்கள் நீரிழிவுக்கு இவ்விலைக் கஷாயத்தைப் பருகி வந்தனர். 1952-இல் அங்கிருந்து சில இலைகள் கனடா தேசத்துக்கு அனுப்பப்பட்டன. மேற்கு ஒன்டாரியோ ஸர்வகலாசாலையில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் எலிகளிடம் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. மற்றொருவராயின் பொய் மருந்தென்று இலையை எறிந்திருப்பர். இவர்களோ, வெள்ளணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமோ என்று ஆராய்ந்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் ஆல்கலாய்டை உலகுக்கு அறிவித்தனர். அமெரிக்கக் கம்பெனியொன்றில் கண்டெடுக்கப்பட்ட அதன் இனமான வின்கிரிஸ்டின், 1963 முதல், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டு வருகிறது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு அதனினும் பன்மடங்கு. பெரும்பாலும் வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் ரத்த நாளத்தில் செலுத்தப்படும் மருந்து இது. அளவு மிஞ்சினால் நரம்புகள் கெடும். அம்மியில் அரைத்த கைப்பிடி இலையில் எது எவ்வளவு உண்டென்று எந்த வைத்தியர் சத்தியம் செய்வார்?

நமது தென் ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களிலும் இச்செடி பயிராகி, இலையும் வேரும் அன்னிய தேசங்களுக்குக் கப்பலேறின. இலை நம் வாசலில் நின்றது. அதனிடம் கேள்வி கேட்டவர் கனடாவில் இருந்தார். இதில் பெருமை பேச நமக்கு என்ன இருக்கிறது? சித்த வைத்தியக் கல்லூரிகளும் ரஸாயன சாலைகளும் ஒரே மேஜையில் அமர்ந்து, நம் தோட்டத்துச் செடிகளை இலை இலையாகச் சோதிக்கட்டும்; பயனில்லை என்று கண்டாலும் அதையும் ஒளியாது அச்சிடட்டும்.

அதுவரை, புற்றுநோய் வார்டுகளின் டாக்டர்கள் ஒன்று செய்யலாம். குழந்தையைத் தூக்கிவரும் தாய் வீட்டில் என்ன கஷாயம் கொடுத்தாள் என்று ஏசாமல் கேட்டு, அதன் பெயரையும் அளவையும் நோய்க்குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.